வெயில் காலத்துக் கிண்ணங்கள்

அவர் குடியிருந்த வீட்டுச் சுவர்களில் ஒரு ஆணிகூடக் கிடையாது. நாட்காட்டி மேசைமேல் மல்லாந்து கிடக்கும். பிள்ளையார் படம் தரையில், ஒரு பலகையின்மேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். சட்டைகள் கதவின் மேல்முனையில் தொங்கும். நான் குடிவந்த புதிதில், முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டச் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அவர் ஓடி வந்துவிட்டார்.

“என்ன மாஸ்டர், ஆணியா அடிக்கிறீங்க? இது நம்ம சுவரு இல்லைங்களே!”

“பின்ன யாரு சுவருங்க?”

“கம்பெனி சுவரு. நமக்குன்னு ஒரு வீடு வரும். அப்ப அடிச்சுக்குவோம்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பெட்டிமேல் வைத்துக் குனிந்து குனிந்து சவரம் செய்தேன். முதுகு வலிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டினேன்.

அவர் எங்கள் தோட்டத்து டீமேக்கர். கொழுந்து பெக்டரிக்குள் வருவதிலிருந்து தேயிலையாகிப் பெட்டியில் அடைபடும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. இலங்கை மலைநாட்டில், ஹற்றனிலிருந்து மேலே ஏற வேண்டிய தோட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியாராகப் போனேன். ஒரே கூரையை நடுச்சுவர் வைத்து இரண்டாகத் தடுத்த குவாட்டர்ஸில் ஒரு பாதி அவருக்கு, மறு பாதி எனக்கு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கல்யாணமாகாத எனக்கு வாரத்தில் பாதி நாள் சோறு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. ஆகவே நான் அவரைக் குறை சொன்னால், சோறு தின்ற உரிமையில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆணி அடிக்க மாட்டேன் என்ற அந்த மனிதர்தான் ஜப்பான் கண்ணாடிக் கிண்ணம் சேர்த்தார்.

அதுவரை எங்களுக்கு ஜப்பான் என்றால் டிரான்சிஸ்டர் ரேடியோ. ஒருநாள் பெக்டரியைப் பார்க்க ஒரு ஜப்பான் வியாபாரி மனைவியோடு வந்தார். இவர் அவர்களுக்கு விதவிதமாகத் தேயிலை ஊற்றிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பைக்குள்ளிருந்து ஒரு துணிமுடிச்சை அவிழ்த்து, கைப்பிடி இல்லாத ஒரு கிண்ணத்தை எடுத்து இவருடைய இரண்டு கையிலும் வைத்தார். கனமான கண்ணாடி. இளங்கொழுந்தின் பச்சை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே குமிழ் குமிழாகத் தெரியும். நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் காட்டி, சூரியனைக் காட்டி, கிண்ணத்தை ஊதிக் காட்டினாராம் அந்த அம்மா. அதாவது இது வெயில் காலத்துக் கிண்ணம். தேநீரை ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும். செய்தவன் சின்ன வயதுக்காரன், உயிரோடு இருக்கிறான், தன் வாயால் ஊதிச் செய்தது என்று கணவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்.

கடைசியாகச் சொன்னதுதான் இவரைப் பிடித்துக்கொண்டது.

“இப்ப எங்கியோ ஒருத்தன் மூச்சுவிட்டுக்கிட்டு இருக்கான்ல மாஸ்டர், அவன் மூச்சு இதுக்குள்ள இருக்குங்க” என்றார். பிற்பாடு ஒரு பயணி, தன் பாட்டன் காலத்துக் கிண்ணம் என்று ஒன்றைப் பெருமையோடு நீட்டியபோது, கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “செத்தவங்க சாமான் எதுக்குங்க? உயிரோட இருக்கவன் செஞ்சதுன்னா, ஒருநாள் அவனே நம்ம வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கலாமில்ல?” இப்படி ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டு அவர் சேர்க்கத் தொடங்கினார்.

மலையேறும் சீசன் வந்தால் லீவு போட்டுவிட்டு அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய்விடுவார். சிவனொளிபாதமலை ஏற வந்தவர்கள் சாமியைத் தேடிப் போவார்கள். இவர் பஸ் நிற்கும் இடத்தில் ஜப்பான்காரர்களைத் தேடி நிற்பார். ஒரு கையில் தன் பங்குத் தேயிலையைப் பொட்டலமாகக் கட்டியது, மறு கையில் மாதிரிக்கு அந்தப் பச்சைக் கிண்ணம். “டீ, யூ டேக். கிளாஸ் பவுல், யூ சென்ட். மேன் லிவிங், ஓகே?” ஒருமுறை கூடப் போயிருந்த நான் வெட்கம் தாங்காமல் கடலைக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் அனுப்பினார்கள். பார்சலில் வந்ததில் பாதி நொறுங்கி வந்தது. முழுசாக வந்தவற்றுக்குக் கொடுத்தவரின் பெயரே பெயர்: மீசைக்காரர், சிரிக்காத பொண்ணு, ஒத்தக் குடை அம்மா. மீசைக்காரர் நிறமே இல்லாமல் தண்ணீர்போல் இருந்தது. சிரிக்காத பொண்ணு அடியில் பால் சிந்தியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. ஒத்தக் குடை அம்மா ஒரு பக்கம் கட்டைவிரல் அளவுக்கு அமுங்கி, எடுத்துப் பிடித்தால் நம் விரலுக்கென்றே செய்ததுபோல் உட்காரும். நல்ல கிண்ணம் அது. எனக்கே ஆசையாக இருந்தது.

ஆனால் குடிக்கக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். அக்காவின் பழைய வெள்ளைச் சேலைக் கிழிசலால் துடைப்பார். ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பார். வெளிச்சம் நகர நகரத் தரையில் பச்சையும் வெள்ளையுமாக நிழல் நகரும். மூவரும் பார்ப்போம். பார்த்துக்கொண்டே அலுமினிய டம்ளரில் தேத்தண்ணி குடிப்போம். அப்புறம் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

“ஒரு வாய் குடிச்சா என்னங்க, தேஞ்சா போயிரும்?” என்பாள் அக்கா.

“நம்ம வீட்டுல வச்சுத்தான் குடிக்கணும். மொதல்ல உனக்குத்தான்.”

“மாஸ்டர் கேட்டுக்கங்க. நீங்கதான் சாட்சி. கிண்ணம் வந்துருச்சு, வீடு மட்டுந்தான் பாக்கி!”

அக்கா சிரிப்பாள். அவரும் சிரிப்பார். எந்த மலையில் எந்தச் சரிவில் அந்த வீடு வரும் என்று நான் கேட்கவில்லை. மூன்று தலைமுறை அந்த மண்ணைக் கொத்தியவர்களுக்கு அதில் ஒரு கையகலம்கூடச் சொந்தமில்லை என்பது மூவருக்கும் தெரியும். அவர் மட்டும் தெரியாததுபோல் இருந்தார். மழையில் எந்தப் பக்கம் சாரல் அடிக்கும், ஜன்னலைக் கிழக்கே வைப்பதா தெற்கே வைப்பதா என்று சோற்றில் கையை வைத்துக்கொண்டு பேசுவார். கிண்ணங்களுக்குச் சுவரில் பலகை வேண்டும், அதற்கு எத்தனை ஆணி வேண்டும் என்பதுவரை போவார்.

சேர்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே பஞ்சம் வந்தது. மாவு இல்லை, அரிசி இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகள் மலையில் கிடைத்த கீரையை அவித்துத் தின்றார்கள். என் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் தலையை வைத்துப் படுத்தார்கள். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. டவுனில் ஒரு கடை முதலாளி மீசைக்காரர் கிண்ணத்தின்மேல் கண் வைத்திருந்தார். பார்சலைக் கடையில் வைத்துப் பிரித்தபோது பார்த்தவர். மாவு மூட்டைக்குக் கிண்ணம் என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். “கீழ லயத்துல புள்ளைங்க எந்திரிக்க முடியாம கெடக்குதுங்க. நான் வேற ஒண்ணுஞ் சொல்லல.”

அவர் மறுநாள் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். மூட்டை வந்தது. அக்காவும் நானும் ரொட்டி தட்டி லயத்துக்குக் கொண்டுபோனோம். அவர் அதில் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அந்த மாவில் பிழைத்த பிள்ளைகள் உண்டு. மாவு தீர்ந்த பிறகு புதைத்த பிள்ளைகளும் உண்டு.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கிண்ணம் இரண்டாகப் பிளந்து மேசைமேல் கிடந்தது.

“என்னய்யா, வெடிச்ச சாமானத் தலையில கட்டிட்டே?”

“கொதிக்கக் கொதிக்க ஊத்தினீங்களா முதலாளி?”

“பின்ன? இந்தக் குளிர்ல தேத்தண்ணிய ஆறவச்சா குடிப்பான் மனுசன்?”

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் தேத்தண்ணி என்றால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். கையும் காயும், நெஞ்சும் காயும். வெயில் காலமே இல்லாத ஊரில் வெயில் காலத்துக் கிண்ணத்தை வேறு எப்படித்தான் பிடிப்பார்கள்? அவர் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பிறகு அழுதார். கிண்ணத்துக்கு அழுதாரா, கீழே புதைத்த பிள்ளைகளுக்கு அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வேறு ஆள் வருகிறார், குவாட்டர்ஸைக் காலி செய் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். இந்தியாவிலிருந்து கூலியாக வந்தவர்களின் வழியில் பிறந்த எங்கள் ஆட்கள் எழுதிக் கேட்டால்தான் இலங்கைக் குடியுரிமை; அவரும் எழுதிப் போட்டிருந்தார். இல்லை என்று வந்துவிட்டது. எனக்குக் கிடைத்திருந்தது. என் அப்பா பழைய தாள்களைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார், அவர் அப்பா வைத்திருக்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

லயத்தில் அக்காவின் தம்பி தன் ஒற்றையறைக் காம்பராவில் ஒரு பாதியைத் தடுத்துக் கொடுத்தான். டீமேக்கராக இருந்தவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனதை லயமே வாசலில் நின்று பார்த்தது. அன்று சாயந்தரம் என் நடுச்சுவர் அதிர்ந்தது. புதிதாக வந்தவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. போய்ச் சண்டை போடலாமா என்று தோன்றியது. எதற்கென்று போடுவது? செருப்பை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அங்கே அவர் பெட்டியை வைக்கப் புகை படாத மூலையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மூலை அந்தக் காம்பராவில் இல்லை.

“இது கொஞ்ச நாளைக்குத்தாங்க மாஸ்டர்” என்றார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. புகை எங்கள் மலைக்குத் தெரிந்தது. வருகிறார்கள் என்று யாரோ கத்த, லயமே தேயிலைக்குள் ஓடியது. பிள்ளையைத் தூக்கினவர்கள், தையல் மெஷினைத் தூக்கினவர்கள், ஆட்டை இழுத்தவர்கள். அவர் பெட்டியைத் தூக்கினார். மழையில் புதருக்கடியில் குந்தியிருந்தோம். யாரும் வரவில்லை. மழை விட்டதும் பார்த்தால், மூடி எங்கோ விழுந்துபோய், பெட்டிக்குள் ஒவ்வொரு கிண்ணமும் மழைத்தண்ணீரால் நிறைந்திருந்தது. அக்கா உடம்பு நடுங்க எட்டிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா, நமக்கு முந்தி மழை வந்து குடிச்சிட்டுப் போயிருச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் தண்ணீரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். “போயிருவோம்மா. இங்க நமக்கு வீடில்ல. அங்க குடுக்குறாங்களாம்” என்றார். இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள். அது மட்டும் சீக்கிரம் கிடைத்தது.

கிண்ணங்களைக் கட்டும்போது நான் பழைய பேப்பர் கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். தேயிலைப் பெட்டிக்குள் தேயிலையைக் கொட்டி, அதில் கிண்ணங்களைப் புதைத்து, மேலும் கொட்டி, பெக்டரியில் செய்வதுபோல் பெட்டியைத் தட்டித் தட்டி இறுக்கினார்.

“எம்புட்டுப் பெட்டி கப்பலேத்தியிருக்கேன். உள்ள ஒரு எலை அசையாதுங்க. பேப்பருன்னா அமுங்கிரும்.”

“தேயிலையை இவ்வளவு விடுவாங்களா?”

“இது தேயிலையா மாஸ்டர்? மெத்தைங்க!”

ஹற்றனில் ஏறியது அழுகைக் கோச்சி. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிப் போகும் ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர். பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் ரயிலில் இருப்பவர்களும் ஒரே குரலில் அழுவார்கள். சிங்களம் பேச ஆள் வேண்டும் என்று நானும் கப்பல் ஏறும் தலைமன்னார்வரை போனேன். அவர் வழியெல்லாம் பெட்டிமேல் ஒரு கையை வைத்திருந்தார்.

சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரிக்குத் தேயிலைதான் கண்ணில் பட்டது. ஆளுக்குக் கொஞ்சம்தான் விடலாம், இது பெட்டி நிறைய இருக்கிறதே என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கும் மேலே ஆள் இருக்கிறார் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். நான் உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள், சிப்பந்தி ஒருவன் பெட்டியைச் சாய்த்தான். அவர், “மெதுவா, மெதுவா” என்று கத்தினார். தேயிலை ஆறாக இறங்கியது. அதோடு கிண்ணங்களும் இறங்கி, சிமெந்துத் தரையில் ஒன்றின்மேல் ஒன்று மோதின. சத்தம் பெரிதாகக்கூட இல்லை.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். டீமேக்கர் குந்தி உட்கார்ந்து தேயிலையைக் கையால் விலக்கிப் பார்த்தார். ஒத்தக் குடை அம்மாவின் அமுங்கின பக்கம் மட்டும் ஒரு துண்டாகக் கிடைத்தது. அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

“மாஸ்டர், அவருகிட்ட ஒண்ணு சொல்லுங்க. இதுல கண்ணாடி கலந்துருச்சு. நல்லாருக்கேன்னு யாராவது அள்ளிக் குடிச்சிரப் போறாங்க. கடல்ல கொட்டச் சொல்லுங்க.”

சொன்னேன்.

வெளியே வந்து மணலில் உட்கார்ந்தோம். வெயில் கொளுத்தியது. அக்கா மடியில் இருந்த துணிமுடிச்சை அவிழ்த்தாள். பச்சைக் கிண்ணம்.

“நீங்க பெட்டியக் கட்டினப்பவே இத எடுத்து வச்சுக்கிட்டேங்க. சொன்னா விட மாட்டீங்க.”

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வெறுமனே பார்த்தார். எழுந்து போய்க் கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ வாங்கி வந்தார். அதை ஆற வைத்தார். சூடு குறையாமல் குடிக்கிற அந்த மனிதர், மணலில் குந்திக்கொண்டு தேத்தண்ணி ஆறக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஆறியதும் கிண்ணத்தில் ஊற்றி அக்காவிடம் நீட்டினார்.

“இந்தா, குடி. இந்தக் கிண்ணத்துக்கு ஏத்த வெயில் இங்கதான் அடிக்குது.”

“நம்ம வீட்டுல வச்சுத்தானே சொன்னீங்க?”

“எந்த வீட்டுலம்மா? குடி.”

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் ஒரு வாய் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். “இல்லைங்க. அங்க போயி, நம்ம வீட்டுல குடிக்கிறேன். நீங்க சொன்னதுதானே” என்றாள். அவர் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு தேத்தண்ணியை மணலில் ஊற்றினார். அக்கா கிண்ணத்தை முந்தானையால் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள்.

சில வருடங்கள் கழித்து வேளாங்கண்ணிக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். திருச்சிக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு காலனி. எல்லா வீடும் ஒரே மாதிரி. வாசலில் நின்று, “டீமேக்கர் ஐயா” என்றேன். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட அங்கே யாரும் இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பினார். என்னைத் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“அக்கா எங்கங்க?”

அவர் சுவரைக் காட்டினார். ஒரு ஆணி அடித்திருந்தது. அதில் அக்காவின் படம், காய்ந்த மாலையோடு.

“இங்க வந்து எறங்கின முகாம்லயே காய்ச்சல்ல போயிட்டா மாஸ்டர். அதுக்குப் பொறகுதான் இந்த வீட்டக் குடுத்தாங்க.”

படத்துக்குக் கீழே முக்காலியில் பச்சைக் கிண்ணம் இருந்தது. அதில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“அன்னிக்கு மணல்ல வச்சு அவள நான் வற்புறுத்தியிருக்கணும்” என்றார். எனக்கு டம்ளரில் சூடாகத் தேத்தண்ணி கொடுத்தார். நான் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய சொந்த வீட்டுச் சுவர்களை அதற்குள் பலமுறை பார்த்துவிட்டேன். அந்த ஒரு ஆணியைத் தவிர வேறு ஆணி அடித்திருக்கவில்லை.